குழாய்க்குப் பின்னால் ஒரு கிளை

சலூன்காரருக்கு எந்தத் தலையைப் பார்த்தாலும் கை அரிக்கும். பேருந்தில் முன் இருக்கைக்காரரின் பிடரியில் நாலு முடி நீட்டிக்கொண்டிருந்தால் இறங்கும்வரை அவருக்கு வேறு யோசனை ஓடாது. ஒருமுறை வங்கி வரிசையில் முன்னால் நின்ற ஆளின் காதோரத்தைத் தன்னையறியாமல் விரலால் ஒதுக்கிவிட்டு, அடி வாங்காமல் தப்பியது பெரும்பாடு. நாற்பது வருஷத் தொழில். கடையில் நாற்காலி இரண்டு, கண்ணாடி மூன்று. மூன்றாவது கண்ணாடி எதற்கென்று கேட்டால் அவருக்கே தெரியாது.

அப்படிப்பட்டவர் வீட்டின் பின்முற்றத்தில் ஒரு செடி தலை வாராத பிள்ளை மாதிரி இருபது வருஷம் வளர்ந்து நின்றதென்றால், அதற்குக் காரணம் அவர் மனைவி. "என் செடி மேல கத்திரி வச்சீங்கன்னா அன்னைக்கோட உங்களுக்குச் சாப்பாடு கிடையாது" என்று நட்ட அன்றே சொல்லிவிட்டாள். ஊரெல்லாம் வாயடித்துத் திரிந்த மனிதர் அந்த ஒரு விஷயத்தில் மட்டும் வாலைச் சுருட்டிக்கொண்டு இருந்தார்.

செடிக்குப் பெயர் கார்டீனியா. விற்றவன் அப்படித்தான் சொன்னான். வருஷம் முழுக்கப் பச்சை மாறாது. எண்ணெய் தடவியது போல் இலை பளபளக்கும். கோடை தொடங்கியதும் அடுக்கடுக்காக வெள்ளைப் பூ பூக்கும். அதன் வாசனை சுவரைத் தாண்டி, கதவைத் தாண்டி, தெருமுனையில் திரும்பும்போதே ஆளைப் பிடித்துக்கொள்ளும். மனைவி அதை மகாராணி என்றுதான் கூப்பிடுவாள், அது நடந்துகொள்ளும் லட்சணம் அப்படி. குழாய்த் தண்ணீர் ஊற்றினால் நரம்பு மட்டும் பச்சையாக இருக்க இலை மஞ்சளாகிவிடும். அதனால் மாடியிலிருந்து இறங்கும் மழைநீர்க் குழாய்க்கு அடியில் டிரம் வைத்து, பிடித்த தண்ணீரை மாதக்கணக்கில் பொத்திப் பொத்தி ஊற்றுவாள். வேர் காய்ந்தாலும் கோபம், ஊறினாலும் கோபம். மொட்டு விட்ட நேரத்தில் நாலு நாள் வெயில் கூடினால் மொத்த மொட்டையும் உதிர்த்துவிட்டு ஒன்றும் தெரியாததுபோல் நிற்கும். "மகாராணிக்கு இன்னைக்கு மனசு சரியில்ல, பக்கத்துல போகாதீங்க" என்பாள் மனைவி. சலூன்காரர் போகமாட்டார்.

நாலு வருஷத்துக்கு முன்னால், மழைக்காலம் முடிந்து குளிர் எட்டிப்பார்க்கும் சமயத்தில் அவள் இறந்தாள். மூன்று வாரம் ஆஸ்பத்திரி. கடைசி வாரத்தில் ஒருநாள், "தலை பாரமா இருக்குங்க. கொஞ்சம் வெட்டி விடுங்க" என்றாள். கல்யாணமான நாளிலிருந்து தன் தலையில் அவர் கைவைக்க விடாதவள். கடைக்கு ஓடிப்போய் நல்ல கத்திரியை எடுத்துவந்து, படுக்கையில் அவளைச் சாய்த்து உட்காரவைத்து, கழுத்தளவுக்கு ஒரே சீராக வெட்டிவிட்டார். "காத்தோட்டமா இருக்கு" என்றாள். அவள் அவரிடம் சொன்ன கடைசி நல்ல வார்த்தை அதுதான்.

எல்லாம் முடிந்து, வந்தவர்கள் போன பிறகு, பின்முற்றத்தில் அந்தச் செடி தாறுமாறாக நிற்பதைப் பார்த்தார். மூன்று வாரமாக யாரும் கவனிக்கவில்லை. கத்திரி வைத்தால் சாப்பாடு கிடையாது என்று சொல்ல ஆளில்லை. கடையிலிருந்து கத்திரியும் சீப்பும் கொண்டுவந்து, ஸ்டூலில் ஏறி நின்று, அழுதுகொண்டே அதன் தலையை வட்டமாக, ஒரு நுனி பாக்கியில்லாமல் வெட்டிவிட்டார். அவருக்குத் தெரிந்த மரியாதை அது ஒன்றுதான். ஒவ்வொரு வருஷமும் அவள் நினைவு நாளில் இதைச் செய்வது என்று அன்றைக்கே முடிவு செய்துகொண்டார்.

நாலு மாதம் கழித்து மகனுக்குக் கல்யாணம். முன்பே பேசி வைத்தது. மகன் லிஃப்ட் பழுதுபார்க்கும் கம்பெனியில் வேலை. மருமகளுக்குக் கண்ணாடிக் கடையில் வேலை, கண் பரிசோதிப்பது. எழுத்துப் பலகைக்கு முன்னால் ஆட்களை உட்காரவைத்து, யாருக்கு எது தெரியவில்லை என்று பொறுமையாகக் கண்டுபிடிப்பாள். வந்த இரண்டாம் வாரமே சலூன்காரரின் கண்ணைப் பார்த்து, "மாமா, உங்களுக்குக் கிட்டத்துல இருக்கறதப் பாக்கறதுல கொஞ்சம் குறை இருக்கு. யாருக்காவது காதை வெட்டிடப் போறீங்க" என்று சிரித்து, ஒரு கண்ணாடியும் செய்து கொடுத்தாள். அவருக்கு அவளைப் பிடித்துத்தான் இருந்தது. இதைச் சொல்லி வைக்க வேண்டும், பின்னால் வருவதைப் படித்துவிட்டு யாரும் நம்பப்போவதில்லை.

கோடை வந்தது. செடி பூக்கவில்லை.

இலை கொழுகொழுவென்று இருந்தது, பச்சைக்குக் குறையில்லை. மொட்டு மட்டும் இல்லை. சலூன்காரர் காலையில் ஒருதரம், மதியம் சாப்பிட வரும்போது ஒருதரம், கடை சாத்தியபின் ஒருதரம் போய்ப் பார்த்தார். அவருக்கு அது வெறும் பூ இல்லாத செடியாகப் படவில்லை. அவள் திரும்பிப் பார்க்க மறுத்துவிட்டதாகவே பட்டது.

அடுத்த தெருவில் அவருடைய அக்கா இருந்தாள். வாரத்துக்கு எட்டு நாள் வந்துபோகிறவள். வந்தாள், செடியைப் பார்த்தாள், சமையலறையில் மருமகள் இருக்கும் பக்கம் முகத்தைத் திருப்பினாள். "இருபது வருஷமா பூத்த செடிடா. புதுசா இந்த வீட்டுல என்ன வந்துச்சு, சொல்லு பார்ப்போம்" என்றாள். கணக்கு எளிமையாக இருந்தது. துக்கத்தில் இருப்பவனுக்கு எளிமையான கணக்கு மாதிரி ருசிப்பது வேறு ஒன்றுமில்லை.

முதலில் சோப்புத் தண்ணீரில் தொடங்கியது. மருமகள் துணி அலசிய தண்ணீர் செடிப் பக்கம் போகிறது என்றார். அவள் வாளியை வேறு பக்கம் கொண்டுபோய்க் கவிழ்த்தாள். ஈரத் துணியின் நிழல் விழுகிறது என்றார். கொடியை மாடிக்கு மாற்றிக் கட்டினாள். போனில் பாட்டுப் போட்டுக்கொண்டு அந்தப் பக்கம் போகிறாள் என்றார். இதற்கு மகனுக்கே சிரிப்பு வந்துவிட்டது. கடைசியில், "நீ அந்தச் செடிப் பக்கமே போக வேணாம்மா, நான் பாத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டார். அவளும் தலையை ஆட்டிவிட்டு ஒதுங்கிக்கொண்டாள். அந்த வருஷமும் நினைவு நாளில் ஸ்டூல் போட்டு ஏறி, இன்னும் நெருக்கமாக வெட்டினார். வெட்ட வெட்டத்தான் அடர்த்தியாக வரும் என்பது அவர் நாற்பது வருஷமாக வழுக்கை விழுகிறவர்களிடம் சொல்லிவந்த வசனம். முடி விஷயத்தில் அது சுத்தப் பொய் என்று அவருக்குத் தெரியும். வந்தவர் மனம் கோணாமல் திரும்பி வரட்டுமே என்று சொல்வது. செடி விஷயத்தில் மட்டும் அதை எப்படியோ நம்பிவிட்டார்.

இரண்டாவது கோடையிலும் பூக்கவில்லை. அந்த வருஷம் மருமகளுக்கு மூன்றாம் மாதத்தில் கரு கலைந்தது. அவள் நாலு நாள் படுத்திருந்தாள், ஐந்தாம் நாள் வேலைக்குப் போனாள். யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. அக்கா மட்டும் செடியையும் அவளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, வாயைத் திறக்காமலே நிறையப் பேசினாள்.

அவர் அறியாதது ஒன்று உண்டு. அவர் கடைக்குப் போன நேரங்களில் மருமகள் செடியைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். இலையடியில் வெள்ளைப் பூச்சி அப்பியிருந்தால் ஈரத் துணியால் துடைத்துவிட்டாள். டிரம்மில் மழைநீர் தீர்ந்தபோது, வேலை செய்யும் கடையிலிருந்து லென்ஸ் கழுவ வாங்கும் உப்பில்லாத தண்ணீரை கேனில் சுமந்துவந்து ஊற்றினாள். அவருக்குப் பிடிக்கும் என்பதற்காகவா, தன்மேல் விழுந்த பழி தீரட்டும் என்பதற்காகவா என்று கேட்டால், இரண்டுக்கும்தான்.

மூன்றாவது கோடையில் ஒருநாள் மதியம். சலூன்காரர் சாப்பிட வீட்டுக்கு வந்து, செருப்பைக் கழற்றும்போது வாசனை வந்து முகத்தில் மோதியது. அப்படியே நின்றுவிட்டார். சமையலறை மேசையில் எவர்சில்வர் டம்ளரில் ஒற்றைப் பூ, நீளக் காம்போடு. மனைவி வைப்பதைப்போலவே இருந்தது.

"ஏய்" என்றார் சத்தமாக. மனைவியை அப்படித்தான் கூப்பிடுவார்.

உள்ளேயிருந்து மருமகள் வந்தாள். பின்னாலேயே அக்காவும் வந்தாள். அவர் கூப்பிட்டது இரண்டு பேர் காதிலும் விழுந்திருந்தது. அந்தக் கூச்சம் ஒரு நொடியில் கோபமாக மாறியது.

"எங்கேர்ந்து வந்துச்சு இது?"

"நம்ம செடியிலேர்ந்துதான் மாமா" என்றாள் மருமகள். முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். "மழைத்தண்ணிக் குழாய்க்குப் பின்னாடி செவுத்தோரமா போன வருஷம் புதுசா ஒரு கிளை விட்டுருக்கு. அதுல அஞ்சு பூ பூத்திருக்கு, வந்து பாருங்க."

"அங்க மட்டும் எப்படிப் பூக்கும்?"

அவள் கொஞ்சம் தயங்கினாள். "அங்க உங்க கத்திரி எட்டாது மாமா."

அவள், கடைக்கு வருகிறவர்களிடம் கண் குறையைச் சொல்வதுபோல மெதுவாகச் சொன்னாள். "அத்தை நெனப்பு நாளுக்கு நீங்க வெட்டறீங்க இல்ல? அந்த நேரத்துலதான் நுனியில அடுத்த வருஷத்துப் பூ உள்ளுக்குள்ள தயாராகுது போல. போன வருஷமே சந்தேகமா இருந்துச்சு. அதான் அந்தக் கிளையில செவப்பு நூல் கட்டி வச்சேன், மாறிடாம பாக்கணும்னு. வெட்டாத கிளை மட்டும்தான் பூத்திருக்கு. இந்த வருஷம் மட்டும் வெட்டாம விட்டுப் பாருங்களேன்."

"அப்ப நான்தான் கெடுத்தேன்கிற."

"ஐயோ, அப்படிச் சொல்லல மாமா. செடி நல்லாத்தான் இருக்கு. பூ மட்டும்தான்..."

"என் பொண்டாட்டி வளர்த்த செடிய நானே கெடுத்தேன்கிற."

"பாத்தியாடா? பழியத் தூக்கி எங்க வைக்கறா பாத்தியா?" என்றாள் அக்கா.

சலூன்காரருக்கு அந்த இடத்தில் இரண்டு வழி இருந்தது. பத்தடி நடந்துபோய்க் குழாய்க்குப் பின்னால் எட்டிப் பார்த்திருக்கலாம். அவர் வாயைத் திறந்தார்.

"உன் காத்து பட்ட செடியே பூக்க மாட்டேங்குது. உன் வயித்துல மட்டும் எப்படித் தங்கும்?"

அக்காவே ஒருகணம் தரையைப் பார்த்தாள். மருமகள் ஈரமாயிருந்த கையைப் புடவையில் துடைத்தாள், துடைத்த கையையே இன்னொரு முறை துடைத்தாள், பிறகு அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். சொன்ன சொல் நாக்கை விட்டுப் போகும்போதே அது எப்பேர்ப்பட்ட சொல் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. திரும்பப் பிடிக்க நேரம் இருந்தது. கதவைத் தட்டி, "ஏதோ வாய் தவறிடுச்சும்மா" என்றிருந்தால்கூடப் போதும். சாப்பிட உட்கார்ந்தார்.

மகன் சாயங்காலம் வந்தான். கத்துவான் என்று எதிர்பார்த்தார், அவன் கத்தவில்லை.

"அப்பா, அப்படிச் சொன்னீங்களா?"

"ஏதோ கோவத்துலடா..."

"சொன்னீங்களா, இல்லையா?"

"சொன்னேன்."

அவ்வளவுதான். பத்து நாளில் ஊரின் அந்தக் கோடியில் ஒரு மூன்றாம் மாடி வீட்டுக்குப் போய்விட்டார்கள். மருமகளின் இரும்பு அலமாரி மட்டும் அந்தப் படியில் ஏறாதென்று இங்கேயே நின்றது. டம்ளரில் இருந்த பூ பழுப்பேறிக் காய்ந்து தலை தொங்கும்வரை யாரும் அதை எடுக்கவில்லை.

மழைக்காலம் முடிந்தது. நினைவு நாளுக்கு ஆறு நாள் இருக்கும்போது சலூன்காரர் கடையில் ஈரத் தரையில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டை உடைத்துக்கொண்டார். இரண்டு மாதம் மாவுக்கட்டு. மகனிடம் சொல்லக்கூடாதென்று அக்காவிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அவனைக் கவலைப்படுத்த வேண்டாம் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாலும் அது சுத்த வீம்பு. நினைவு நாளன்று இடது கையில் கத்திரியைப் பிடித்துப் பார்த்தார். ஒரு இலைகூட ஒழுங்காக அறுபடவில்லை. "நான் வேணா ஆள் கூட்டிட்டு வரட்டுமா?" என்றாள் அக்கா. வேறொருவன் கை அதில் படக்கூடாது என்று மறுத்துவிட்டார். அன்று முழுக்க முற்றத்தில் உட்கார்ந்து, மனைவியிடம் மனதுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தார். மன்னிப்புக் கேட்க வேண்டிய ஆள் மூன்றாம் மாடியில் இருந்தாள்.

குளிர் போய் வெயில் ஏறத் தொடங்கியது. ஒரு காலையில் தண்ணீர் ஊற்றப் போனவர், செடியில் ஏதோ கூராகத் தெரிகிறதே என்று கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தார். மருமகள் செய்துகொடுத்த கண்ணாடி. மொட்டு. பச்சையாக, முறுக்கிவிட்ட திரி மாதிரி, நுனிக்கு ஒன்று. எந்தக் கிளையைப் பிடித்தாலும் அதன் நுனியில் ஒன்று. முதலில் அவருக்குக் கண் நிறைந்துவிட்டது. "வந்துட்டியா" என்றார். பிறகு, யாரோ தோளைத் தொட்டதுபோல, அந்த வார்த்தை நினைவுக்கு வந்தது. அங்க உங்க கத்திரி எட்டாது மாமா.

மெல்ல நகர்ந்து குழாய்க்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். கிளை இருந்தது. சிவப்பு நூல் வெளுத்துப்போய் அதில் இன்னும் கட்டியிருந்தது. போன வருஷத்துப் பூக்காம்பின் தழும்புகள் ஐந்தையும் எண்ணினார். பிறகு செடியைச் சுற்றி வந்து தன் கத்திரியின் தழும்புகளைத் தேடினார். தன் வெட்டு தனக்குத் தெரியாதா? மூன்று வருஷத்து வெட்டும் அடுக்கடுக்காக இருந்தது. ஒவ்வொரு வெட்டுக்குக் கீழும் கிளை இரண்டாகப் பிரிந்து வெறும் இலையாக வளர்ந்திருந்தது. இந்த முறை கத்திரி படாமல் தப்பிய நுனியில் எல்லாம் மொட்டு. முடி வேரிலிருந்து வளர்வது. நுனியை எவ்வளவு வெட்டினாலும் அதற்கு ஒரு நஷ்டமும் இல்லை. அந்தப் பழக்கத்திலேயே செடியையும் பார்த்துவிட்டார். செடி தன்னிடமிருப்பதை எல்லாம் நுனியில்தான் வைத்திருக்கிறது. மனைவி கத்திரியே வைக்காதவள் அல்ல என்பதும் அப்போதுதான் உறைத்தது. பூத்த கையோடு நீளக் காம்பாக வெட்டி வெட்டி டம்ளரில் வைப்பாளே, செடியை அடக்கி வைத்தது அதுதான். பூ முடிந்த பிறகு அவள் தொட்டதே கிடையாது. இருபது வருஷம் பக்கத்திலிருந்து பார்த்தார், எதையும் பார்க்கவில்லை.

அன்று கடையில் ஆள் இல்லாத நேரத்தில் மூன்றாவது கண்ணாடிக்கு முன்னால் போய் நின்று, மருமகளிடம் சொல்ல வேண்டியதைச் சொல்லிப் பார்த்தார். "அம்மா, நான்தான் வெட்டுனேன். நீ சொன்னதுதான் சரி. நான் சொன்னது..." அதற்கு மேல் வரவில்லை. மறுநாளும் நின்றார். "நான் சொன்னது மனுஷன் சொல்ற வார்த்தை இல்ல" என்பதுவரை வந்தது. போனை எடுத்து மகனின் நம்பர்வரை போய்த் திரும்பினார். நேரில் சொல்வதுதான் முறை என்று தள்ளிப் போட்டார். முறை என்பது அவருக்கு எப்போதும் வசதியாகத்தான் வாய்க்கும்.

அதற்குள் பூ வெடித்துவிட்டது. கீழிருந்து மேல்வரை வெள்ளை. வாசனை தெருமுனைவரை போயிற்று. அக்கா வந்தாள், பார்த்தாள், கன்னத்தில் கை வைத்தாள். அரை மணி நேரத்தில் தெருவில் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு வந்தாள். "மூணு வருஷம் ஒரு மொட்டு கிடையாது. அவ வெளிய போனா, வீடே பூத்துடுச்சு பாருங்க!" வந்தவர்கள் சலூன்காரரைப் பரிவாகப் பார்த்தார்கள். "எவ்வளவு பொறுத்துப் போயிருக்கீங்க" என்றாள் ஒருத்தி. மனைவி போனதிலிருந்து அவரிடம் யாரும் அவ்வளவு கனிவாகப் பேசியதில்லை. மகனைத் துரத்திவிட்டவன் என்று முதுகுக்குப் பின்னால் பேசிய அதே வாய்கள். அவர் மறுக்கவில்லை. தலையைக்கூட லேசாக ஆட்டிவிட்டார். அந்த ஆட்டலை நினைத்து நினைத்துப் பிறகு கூசினார்.

மகன் போன் செய்தான். கீழ்த்தளத்தில் வீடு கிடைத்திருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை அலமாரியை எடுக்க வருகிறோம் என்றான். வருகிறோம் என்ற சொல்லை அவர் பிடித்துக்கொண்டார். அவளும் வருகிறாள். சொல்லிவிடலாம். சொன்னால் ஒருவேளை அந்தக் கீழ்த்தளத்து வீடே வேண்டியிருக்காது. இரண்டு நாளாக அவர்கள் அறையைக் கூட்டிப் பெருக்கி வைத்தார். ஜன்னலில் ஒரு டம்ளர் பூவும் வைத்தார். வாக்கியத்தை மனப்பாடம் செய்துவிட்டார்.

ஞாயிறு காலை சின்ன வண்டியில் வந்தார்கள். அக்கா அவர்களுக்கு முன்பே வந்து நடுவீட்டில் உட்கார்ந்திருந்தாள். மகன் வண்டிக்காரரோடு அலமாரியைப் பிடித்துத் தூக்கினான். மருமகள் அறைக்குள் போகவில்லை. பின்முற்றத்து வாசற்படியில் நின்று செடியைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். சலூன்காரர் அவள் பக்கத்தில் போய் நின்றார். அவள் பார்வை செடியிலிருந்து இறங்கி, கொஞ்சம் கோணலாகச் சேர்ந்திருந்த அவர் மணிக்கட்டில் நின்றது.

"கை என்னாச்சு மாமா?"

"கடையில வழுக்கி விழுந்துட்டேன்."

"எப்ப?"

"மழை முடிஞ்சப்ப."

"அத்தை நெனப்பு நாளுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

"முன்னாடி. ஆறு நாள்."

கடைசி வரி எழுத்தைச் சரியாகப் படித்தவருக்குத் தலையாட்டுவதுபோல் மருமகள் மெல்லத் தலையாட்டினாள். அவர் சொல்லட்டும் என்று காத்துக்கொண்டு நின்றாள். "அம்மா" என்று அவர் தொடங்கினார்.

"என்ன பாக்கற?" என்று பின்னாலிருந்து அக்காவின் குரல் வந்தது. "நீ போன ராசி எப்படிப் பூத்திருக்குன்னு பாக்கறியா? நல்லாப் பாத்துக்க. ஊரே வந்து பாத்துட்டுப் போச்சு."

அலமாரியின் ஒரு முனையைத் தூக்கியபடி மகன் நின்றுவிட்டான். பாரத்தோடு நின்றான். "அப்பா?" என்றான். ஒரே ஒரு வார்த்தை, நீங்கள் ஏதாவது சொல்லுங்கள் என்று கெஞ்சுகிற வார்த்தை. திறந்திருந்த வாசல் வழியே எதிர்வீட்டு அம்மாளும் பார்த்துக்கொண்டிருந்தாள், எவ்வளவு பொறுத்துப் போயிருக்கீங்க என்று சொன்னவள். சலூன்காரர் மனப்பாடம் செய்த வாக்கியத்தைத் தேடினார். அது இருந்தது, முழுசாக இருந்தது. எல்லோர் முன்னாலும் எடுக்கத்தான் கை வரவில்லை.

"செடிதானே" என்றார். "அதுக்கு எப்பத் தோணுதோ அப்பப் பூக்கும்."

மகன் அலமாரியைத் தூக்கிக்கொண்டு வெளியே போனான். மருமகள் புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டாள். அவள் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் அவருக்குக் கொஞ்சம் சௌகரியமாக இருந்திருக்கும்.

"வருஷா வருஷம் பூக்கட்டும் மாமா" என்றாள். "கை மட்டும் சரியாயிடாம பாத்துக்கோங்க."

வண்டி கிளம்பிப் போன சத்தம் அடங்கியபின், சலூன்காரர் ஸ்டூலில் உட்கார்ந்தார். அக்கா அவருக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

"என்னடா சொல்லிட்டுப் போறா அவ?"

"அக்கா, செடிய நான்தான் கெடுத்தேன். நுனி நுனியா மூணு வருஷம் வெட்டுனது நான். இந்தத் தடவை கை ஒடஞ்சு வெட்ட முடியல, அதான் பூத்துச்சு. அவ மேல ஒரு தப்பும் இல்ல." அத்தனை நாள் தொண்டையில் நின்ற வாக்கியம் தடங்கலே இல்லாமல் வந்தது.

அக்கா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "வெட்ட வெட்ட அடர்த்தியாத்தானேடா வரும்? நீயே எத்தனை பேர்கிட்டச் சொல்லியிருக்க?"

"அது பொய்க்கா."

"போடா" என்றாள் அவள். தம்பியின் தலையைத் தடவிக் கொடுத்தாள், அவள் கண் கலங்கியிருந்தது. "அவ்வளவு பேசிட்டுப் போறா, அவ பழியையும் தூக்கி உன் தலையிலயே போட்டுக்கற. சின்ன வயசுலேர்ந்தே உனக்கு இளகின மனசு."

சாயங்காலத்துக்குள் அதையும் தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள்.

மறுநாள் காலை கடைக்கு வந்த முதல் ஆள் எதிர்வீட்டுக்காரர். துணியைப் போர்த்தி, கழுத்தில் முடிச்சுப் போட்டு, சீப்பை எடுத்தார் சலூன்காரர். மணிக்கட்டு இன்னும் விண்விண்ணென்றது. எதிர்வீட்டுக்காரர் கண்ணாடியில் அவரைப் பார்த்து, "கேள்விப்பட்டேன். எல்லாத்தையும் நீங்களே ஏத்துக்கிட்டீங்களாமே. உங்களுக்கு ரொம்பப் பெரிய மனசுங்க" என்றார்.

சலூன்காரர் அவர் தலையைக் கொஞ்சம் முன்னால் சாய்த்தார்.

"ஆடாம உக்காருங்க" என்று சொல்லிவிட்டுக் கத்திரியை எடுத்தார்.